கிராண்டில் எழுதாத மண்

சிலாங்கூரில் வீடு வாங்குபவரின் கைக்குக் கடைசியாக வந்து சேரும் தாள் கிராண்ட். லாட் எண், முக்கிம், பரப்பளவு, உரிமையாளர் பெயர், வங்கியில் அடமானம் இருந்தால் அதன் விவரம், நிலம் விவசாயத்துக்கா கட்டடத்துக்கா தொழிலுக்கா என்ற வகை, குத்தகை நிலம் என்றால் அது முடியும் ஆண்டு எல்லாம் அதில் உண்டு. அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது, எதைக் கொட்டினார்கள், எதைத் தெளித்தார்கள் என்பது மட்டும் இல்லை.

இந்த மௌனம் தற்செயலானதல்ல. 1889 முதல் 1892 வரை சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல், 1891ல் டோரன்ஸ் முறையை இந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்தார். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858ல் தொடங்கிவைத்த பதிவுமுறை அது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார், பாட்டன் காலத்து விற்பனை வரை போய் விசாரிப்பார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அலைச்சல் இல்லாமல் போனது. உரிமைச் சிக்கல்கள் பெருமளவு குறைந்தன; அது பெரிய நன்மைதான். ஆனால் நிலத்தின் பழங்கதையைக் கேட்கும் வழக்கமும் அதோடு போய்விட்டது.

1966 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்திலும் இந்த அமைப்பு தொடர்கிறது. தோட்டமோ தொழிற்சாலையோ வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, மேம்பாட்டாளர் பழைய நிலத்தை அரசிடம் ஒப்படைத்து, புது வடிவில் திரும்பப் பெற்றுக்கொள்ள அச்சட்டம் வழி தருகிறது. பழைய கிராண்ட் அத்துடன் இறந்துவிடும். வீடு வாங்குபவருக்குக் கிடைப்பது புதிதாகப் பிறந்த கிராண்ட். அதில் 'கட்டடம்' என்ற ஒற்றைச் சொல் இருக்கும். அதற்கு முன் அது ஈயச் சுரங்கமா, ரப்பர் தோட்டமா, பட்டறையா என்பது நில அலுவலகத்தின் பழைய கோப்பில் தங்கிவிடும்.

அந்தப் பழைய கோப்புகளில் இருப்பதுதான் இந்த வட்டாரத்தின் வரலாறே. 1857ல் கிள்ளானிலிருந்து ஆற்றின் வழியே அம்பாங்குக்குப் போன சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடித்தான் போனார்கள். அவர்களுக்குச் சரக்கு இறக்கித் தந்த ஆற்றுச் சந்திப்பு கோலாலம்பூர் ஆனது. 1880ல் மாநிலத் தலைமையகமே கிள்ளானிலிருந்து அங்கே போனது. மண்வெட்டிக்குப் பின் தண்ணீர்க் குழாய், குழாய்க்குப் பின் மிதக்கும் வாரிக் கப்பல் என்று நூறு ஆண்டுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கு வயிறு கிழிக்கப்பட்டது. சுங்கை பெசியின் ஹோங் ஃபாட் லொம்போங் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. இன்று அதன் பள்ளம் ஏரியாகி, கரையில் ஆடம்பர விடுதியும் பேரங்காடியும் நிற்கின்றன. சன்வே நகரம் எழுந்ததும் ஈயம் தோண்டிய நிலத்தில்தான். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கையிருப்பை வாங்கப் பணமின்றிச் சரிந்தபோது விலையும் சரிந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. மூடிய நிலத்துக்கு அடுத்த வாடிக்கையாளராக வந்தது வீடமைப்புத் தொழில்.

ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கனமணலுக்கு இங்கே 'அமாங்' என்று பெயர். இல்மனைட், சிர்கோன், செனோடைம், மோனசைட் எல்லாம் அதில் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் உண்டு. அது கதிரியக்கப் பொருள். அதனால்தான் அமாங் பதப்படுத்தும் ஆலைகள் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. அச்சட்டம் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் அமாங் வெறும் கழிவு மணலாகவே கருதப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸ் வேறு வகைப் பள்ளம். 1881ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். நகரத்துக்கு வேண்டிய செங்கல், களிமண் வளமிருந்த இந்தப் பகுதியில் சுடப்பட்டது. சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோயின் சூளையும் இங்கேதான் இருந்தது. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளத்தோடு யாழ்ப்பாணத்துத் தமிழர்களும் தமிழகத்துத் தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். 2001ல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரலும் அதைச் சூழ்ந்த அடுக்குமாடிகளும் பழைய ரயில்வே சரக்கு முற்றத்தின் மீது நிற்பவை. களிமண் குழி, ரயில் முற்றம், கண்ணாடிக் கோபுரம் என்று ஒரே நிலத்துக்கு மூன்று பிறவி.

தமிழர்கள் நேரடியாக அறிந்த மண் ரப்பர் தோட்டத்து மண். பெட்டாலிங் ஜெயாவின் தொடக்கம் எஃபிங்ஹாம் தோட்டத்தில். சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டத்தில். பங்சார் அதே பெயருடைய தோட்டத்தில். அந்தத் தோட்டங்களின் பெரிய எதிரி லாலாங் புல். அதைக் கொல்ல மலாயாத் தோட்டங்களில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். ஆர்சனிக் என்பது தனிமம். வெயிலில் சிதைவதோ மழையில் மக்குவதோ அதற்கு இல்லை. 1960களில் பாராகுவாட் அந்த இடத்துக்கு வந்தது. முதுகில் டப்பா சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் உடல்நிலை பற்றித் தெனகானித்தா போன்ற அமைப்புகள் எழுப்பிய குரலுக்குப் பின் 2002ல் பாராகுவாட்டுக்குத் தடை வந்தது. 2006ல் தடை விலகியது. 2020 ஜனவரியில்தான் முழுமையாக நின்றது.

எந்த டிவிஷனில் மருந்துக் கொட்டகை இருந்தது, மீந்த மருந்தை எந்தக் கால்வாயில் ஊற்றினார்கள், காலி பீப்பாய்களை எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயங்கள் உடைந்தன, அவர்கள் வெளியேறினார்கள். மண்ணைப் பற்றிய சாட்சியமும் அவர்களுடன் வெளியேறியது. புது வீட்டின் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அவர்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வர வழியில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் நில வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

சரி, வாங்கிய பிறகு மண் கெட்டது என்று தெரிந்தால் வழி என்ன?

முதல் வாசல் ஒப்பந்தச் சட்டம். அது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான். 1899ல் மலாய் மாநிலங்களுக்கு வந்து, பிறகு 1950ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. சென்னையிலும் கிள்ளானிலும் மோசடிக்குப் பிரிவு எண்கூட ஒன்றே: 17. அந்தப் பிரிவு சொல்வது வாங்குபவருக்குக் கசப்பானது. பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் விற்பவர் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் மோசடி ஆகாது. சட்டமே தரும் உதாரணம் ஒரு குதிரை. அது நோயுற்றது என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், எதுவும் சொல்லவில்லை. அது மோசடியல்ல. வாங்குவது அவருடைய, அப்போதுதான் சட்ட வயதை எட்டிய மகள் என்றால் கதை வேறு. அந்த உறவு உண்மையைச் சொல்லும் கடமையைத் தந்துவிடுகிறது.

மேம்பாட்டாளர் யாருக்கும் தந்தையல்ல. ஆகவே வழக்கு வெல்ல, அவர் பொய் சொன்னார் என்றோ, பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைத்தார் என்றோ காட்ட வேண்டும். காட்டினாலும் 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு காத்திருக்கிறது. சாதாரண முயற்சியில் உண்மையைத் தானே கண்டுபிடித்திருக்க முடியும் என்ற நிலையில், மௌனத்தாலோ தவறான தகவலாலோ ஏமாந்தவர் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. கிராண்டைத் தவிர வேறெதையும் பார்க்கத் தேவையில்லை என்று நூறாண்டுக்கு மேல் பழக்கிவிட்ட நாட்டில், நீயே விசாரித்திருக்க வேண்டாமா என்று சட்டம் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. லெலோங்கில் வாங்குபவர் நிலை இன்னும் மோசம். வங்கி ஏலத்தின் நிபந்தனையிலேயே 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருக்கும்.

இரண்டாவது வாசல் கவனக்குறைவுக்கான பொதுச் சட்டம். அதை இந்த நாட்டில் அகலத் திறந்தது நஞ்சு அல்ல, ஒரு மலைச்சரிவு. மண்ணில் மறைந்திருந்த ஆபத்துக்காக வீடு வாங்கியவர்கள் தொடுத்த வழக்குகளில் கிள்ளான் பள்ளத்தாக்கு கண்ட மிகப் பெரியது அதுவே.

உலு கிளாங்கில் 1974க்கும் 1982க்கும் இடையே மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களாக எழுந்தது ஹைலேண்ட் டவர்ஸ். பின்னால் செங்குத்தான சரிவு. அதில் ஓர் ஓடை. ஓடையைக் குழாயில் அடைத்துத் திசை திருப்பியிருந்தார்கள். அடுக்கடுக்காகத் தடுப்புச் சுவர்கள் இருந்தன. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல், தொடர் மழைக்குப் பின் சரிவு நகர்ந்து முதல் கட்டடத்தை அடியோடு சாய்த்தது. 48 பேர் இறந்தார்கள்.

இரண்டாம், மூன்றாம் கட்டடங்கள் விழவில்லை. சுவரில் விரிசல்கூட இல்லாத வீடுகளை விட்டு மக்கள் வெளியேறினார்கள். திரும்பிப் போக முடியவில்லை. வங்கிக் கடன் மட்டும் நின்றபடி நின்றது. 1996ல் 73 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் கேட்டது அன்றைய சட்டத்தில் சிக்கலான கேள்வி. வீடு நிற்கிறது, யாருக்கும் காயமில்லை, ஆனால் அதில் வாழ முடியாது, விற்க முடியாது, இது இழப்பா? இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1990ல் மர்ஃபி வழக்கில் இத்தகைய வெறும் பொருளாதார இழப்புக்கு ஈடு கிடையாது என்று சொல்லியிருந்தது. மலேசிய உயர் நீதிமன்றங்களும் 1993லும் 1995லும் அதே வழியில் போயிருந்தன.

நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் 2000 ஆகஸ்ட் 11 அன்று அந்த வழியை விட்டு விலகினார். இது இழப்புதான் என்றார். பொறுப்பையும் பங்கு பிரித்தார். மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு. தகுதிபெற்ற கட்டடக் கலைஞராக இல்லாமலே அப்பணியைச் செய்தவருக்கு 10. பொறியாளருக்கு 10. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15. மேலே காடழித்துத் தண்ணீரைத் திருப்பிய பக்கத்து நிலத்தின் நிறுவனத்துக்கும் அதன் திட்ட நிர்வாகிக்கும் சேர்த்து 20. எல்லாரையும்விடப் பெரிய பங்கு, 30 விழுக்காடு, அராப்-மலேசியன் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு. அது கட்டடம் கட்டவில்லை, சுவர் எழுப்பவில்லை. 1991ல் சரிவின் மனைகள் அதன் கைக்கு வந்திருந்தன. உரிமையாளர் ஆன பிறகு வடிகாலையும் சுவரையும் பராமரிக்கவில்லை என்பதே குற்றம்.

கெட்ட மண்ணை வாங்கும் ஒவ்வொருவரும் இந்த 30 விழுக்காட்டை நினைவில் வைக்க வேண்டும். நிலத்தோடு அதன் ஆபத்தும் கைமாறுகிறது. பக்கத்து வீட்டுக்கு அது பரவினால் கேள்வி புது உரிமையாளரை நோக்கித்தான் வரும். இதற்கு ஆணிவேர் 1868ல் இங்கிலாந்தில் முடிந்த ரைலண்ட்ஸ் வழக்கு. ஒருவர் தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் வழியே பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்த கதை அது. பழைய சுரங்கங்கள் நிறைந்த மலாயாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற விதி. 1967ல் பசிபிக் டின் நிறுவனத்தின் சுரங்கக் குட்டை வழக்கில் நமது கூட்டரசு நீதிமன்றமும் அதைக் கையாண்டது.

ஹைலேண்ட் டவர்ஸ் வழக்கின் மறுபாதி மகிழ்ச்சி தருவதல்ல. 2006 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் நகராண்மைக் கழகத்தை முழுதாக விடுவித்தது. 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு ஊராட்சி மன்றங்களுக்குத் தரும் பாதுகாப்பு ஒரு காரணம். இப்படி ஈடு கட்டவைத்தால் குப்பை அள்ளவும் சாலை போடவும் பணம் இராது என்பது நீதிபதி அப்துல் ஹமிட் முகமட் தந்த மற்றொரு காரணம். திட்டத்துக்கு அனுமதி தருவதும், 2007 வரை தகுதிச் சான்றிதழ் தந்ததும் மன்றம்தான். தவறினால் மட்டும் அதைக் கேட்க முடியாது. வீடு வாங்குபவர் எந்த முத்திரையை நம்பிப் பணம் கட்டுகிறாரோ அதற்கே பொறுப்பில்லை என்றானது. இதற்கிடையே 2004ல் நிதி நிறுவனம் 5 கோடியே 20 லட்சம் வெள்ளியில் குடியிருப்பாளர்களுடன் சமரசம் செய்துகொண்டது. சரிவு நடந்து பத்து ஆண்டு கடந்திருந்தது.

அதே 1993 டிசம்பரில், கோபுரம் சாய்ந்த பன்னிரண்டாம் நாள், இன்னொரு தீர்ப்பு வந்தது. இது அசல் நஞ்சு வழக்கு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை, அமாங்கிலிருந்து பிரித்த மோனசைட்டை 1982 முதல் பதப்படுத்தியது. தோரியக் கழிவு குடியிருப்புப் பக்கத்தில் குவிந்தது. 1985ல் கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். 1992 ஜூலை 11 அன்று ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பர் 23ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னதையே ஏற்றது, உரிமத்தை ரத்து செய்ய அணுசக்தி உரிம வாரியத்தைத்தான் அணுகியிருக்க வேண்டும் என்றது. வழக்கில் வென்ற ஆலை, மக்கள் எதிர்ப்பால் 1994 ஜனவரியில் மூடிக்கொண்டது. இடத்தைத் துப்புரவாக்க ஆன செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். மலைச்சரிவு கண்ணுக்குத் தெரிந்தது, கதிர்வீச்சு தெரியவில்லை. சான்றை நிறுவும் சுமை முழுதும் ஏழைக் கிராமத்தார் தோளில் விழுந்தது.

கெட்ட மண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அமெரிக்கா வேறு விதமாகத் தீர்த்தது. நயாகரா அருகே லவ் கனால் என்ற பழைய கால்வாயில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் ரசாயனத்தைப் புதைத்து, 1953ல் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. பின்னால் வரும் கேடுகளுக்குத் தான் பொறுப்பல்ல என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தது. மேலே பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978ல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதானது. 1980ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம், கழிவைக் கொட்டியவரோடு நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாக்கியது. 1986 திருத்தம், வாங்கும் முன் முறையாக விசாரித்தும் எதுவும் தெரியாமல் போனவருக்குத் தற்காப்பு தந்தது. அந்த ஒரு விதியால் அங்கே நில வரலாற்று ஆய்வு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பழைய வரைபடம், வான்படம், ஆலைப் பதிவு எல்லாவற்றையும் தேடிப் பார்க்காமல் அங்கே வங்கிகள் வணிக நிலத்துக்குக் கடன் தரத் தயங்கும்.

மலேசியச் சுற்றுச்சூழல் இலாகாவும் 2009ல் மாசடைந்த நிலங்களுக்கு மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. எந்தப் பொருள் மண்ணில் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்ற அளவுகள் அவற்றில் உண்டு. ஆனால் அவை வழிகாட்டிகள். வீட்டை விற்பவர் அறிக்கை தர வேண்டும் என்ற கட்டாயம் அவற்றால் வரவில்லை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24ஆம் பிரிவு மண்ணை மாசுபடுத்துவதைத் தடுக்கிறது. 2024ல் அச்சட்டத்தின் உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளியாக உயர்ந்தது. அபராதம் அரசுக்குப் போகும், வீட்டுக்காரருக்கு அல்ல. சிந்திய ரசாயனத்தைத் துப்புரவாக்கும்போது வெளிவரும் மண் 2005ஆம் ஆண்டு விதிகளில் 'எஸ்.டபிள்யூ. 408' என்ற பட்டியலிட்ட கழிவு. தன் வீட்டுக் கொல்லையே ஆனாலும் அதைத் தோண்டிச் சாதாரணக் குப்பை மேட்டில் கொட்ட முடியாது. உரிமம் பெற்றவர் வழியாகத்தான் அகற்ற வேண்டும்.

வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் 2002 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதன் வரம்பு 50,000 வெள்ளி. ஒழுகும் கூரைக்கும் வெடித்த தளத்துக்கும் அது நல்ல இடம். அடிமண்ணை அள்ளி மாற்றும் செலவுக்கு அந்தத் தொகை எங்கே போதும்?

காலக்கெடுதான் நெடுங்காலம் வாங்குபவரின் கழுத்தைப் பிடித்திருந்தது. 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி இழப்பு நேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும், இழப்பு நேர்ந்ததே தெரியாவிட்டாலும். 2019 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த 6ஏ பிரிவு இதைத் தளர்த்தியது. கவனக்குறைவு வழக்கில், மறைந்திருந்த சேதம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கிடைக்கும். அதற்கும் பதினைந்து ஆண்டு என்ற கடைசி எல்லை உண்டு. விரிசல் விட்ட தூணுக்குப் பதினைந்து ஆண்டு போதலாம். மண்ணடியில் மெல்ல நகரும் நஞ்சுக்குப் போதாது. 2005ல் நேர்ந்த சேதம் 2021ல் கண்டுபிடிக்கப்பட்டால் இந்தப் பிரிவு உதவாது; விற்றவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நிறுவி, 29ஆம் பிரிவின் கீழ்த்தான் போராட வேண்டும்.

ஆகவே உண்மையான பாதுகாப்பு கையெழுத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. மேம்பாட்டாளரின் புது வீட்டு ஒப்பந்தம் அரசு வகுத்த படிவம். அதில் வரி சேர்க்க முடியாது. பழைய வீடு, கடைவீடு, காலிமனை, தொழிற்சாலை நிலம் வாங்கும்போது முடியும். இந்த நிலத்தில் பட்டியலிட்ட கழிவு புதைக்கப்படவில்லை, இன்ன தொழில்கள் நடந்தன என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும் என வழக்கறிஞரிடம் கேட்கலாம். எழுதித் தந்தால் 17ஆம் பிரிவின் மௌனம் அங்கே முடிகிறது. பொய் என்று தெரிந்தால் வழக்குக்கு அடித்தளம் கிடைக்கிறது. எழுதித் தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல். தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகத்தின் காலனியக் கோப்புகள் இருக்கின்றன. கனிமவளம், புவியறிவியல் இலாகா பழைய சுரங்கங்களைப் பற்றி அறியும். சீஃபீல்ட், புக்கிட் ஜாலில் தோட்டங்களில் மருந்தடித்த கைகளில் சில இன்னும் பூச்சோங், கிள்ளான் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையை ஒரு பல்கலைக்கழகமோ தமிழ் அமைப்போ இப்போதே கையில் எடுக்கலாம்.